பலகையில் மட்டும் இருந்த கூட்டம்

இப்போதெல்லாம் மனுசனுக்குக் கண் இருந்தும் பிரயோசனமில்லை. யானையை யானை என்று பலகை சொன்னால்தான் நம்புகிறான். கூண்டுக்கு முன்னால் வந்து நிற்கிறவன் முதலில் பலகையைப் படிக்கிறான். அப்புறம் போனைத் தூக்கிப் பலகையைப் படம் பிடிக்கிறான். அப்புறம் பலகையோடு சேர்த்துத் தன் மூஞ்சியையும் பிடித்துக்கொள்கிறான். உள்ளே இருக்கிற ஜீவன் நின்றால் என்ன, செத்தால் என்ன, அடுத்த பலகைக்கு ஓட்டம். காசு கொடுத்துப் பலகை பார்க்க வருகிற ஜனம்! கத்திக்காரர் இப்படி நினைத்ததோடு நிற்கவில்லை. கறி அறைக்கு யார் வந்தாலும் பிடித்து நிறுத்திச் சொல்லவும் செய்தார்.

அந்த மிருகக்காட்சிசாலையில் மாமிசம் தின்கிற மிருகங்களுக்குக் கறி வெட்டுவது அவர் வேலை. முன்னே கசாப்புக்கடை வைத்திருந்தார். கடை படுத்துப்போனதும் கத்திகளைச் சாக்கில் சுற்றிக்கொண்டு இங்கே வந்து சேர்ந்தார், அன்றிலிருந்து எல்லாருக்கும் கத்திக்காரர்தான். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குப் பெரிய கும்பிடு போட்டவர். யாரையும் நம்ப மாட்டார். தராசு முள்ளையே நம்ப மாட்டார், தொடைக்கறியைக் கையில் தூக்கிப் பார்த்துத்தான் ஒத்துக்கொள்வார். வாரத்துக்கு ஒருமுறை வருகிற மிருக டாக்டரை நம்ப மாட்டார். எல்லாருக்கும் மேலாக, தன் மருமகனைத் துளியும் நம்ப மாட்டார்.

மருமகன் அங்கேயே சிறுத்தைக் கூண்டுகளைப் பார்த்துக்கொள்கிற ஆள். தற்காலிக வேலை. அதனால் தனி வீடு எடுக்க வழியில்லாமல் மாமனார் வீட்டு முன்னறையில் பெண்டாட்டியோடு குடியிருந்தான். வீட்டோடு மாப்பிள்ளை. அந்தப் பேச்சை வாயால் சொல்லாமல், செருப்பைக் கழற்றி வைக்கிற விதத்திலேயே சொல்லிக்காட்டத் தெரிந்தவர் கத்திக்காரர்.

பலகைகளைக் கொண்டுவந்தது மேனேஜர் பெண். சின்ன வயசு, படித்தவள், யாரைப் பார்த்தாலும் ‘ஐயா’ போட்டுத்தான் பேசுவாள். கூட்டம் குறைந்துபோய், முதலாளி கதவை மூடிவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த நேரத்தில் அவள் வேலைக்கு வந்தாள். ஒவ்வொரு கூண்டுக்கும் இங்கிலீஷில் ஒரு பெரிய பலகை அடித்து மாட்டினாள். அந்த மிருகம் கூட்டமாக இருந்தால் இங்கிலீஷ்காரன் என்ன பேர் சொல்வான் என்பதுதான் பலகையில் இருந்தது. நாய்க்கு ஒரு பேர், நரிக்கு ஒரு பேர், மீனுக்கு ஒரு பேர்.

மாட்டின அன்று கத்திக்காரர் மருமகனைக் கூட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகப் படிக்கச் சொன்னார்.

“காக்காய்க்கு என்னவாம்?”

“மர்டர் மாமா.”

“அப்படின்னா?”

“கொலை.”

“ஊர்க் குப்பைய எல்லாம் தின்னு சுத்தம் பண்றதுக்குக் கொலைகாரப் பட்டமா? ஆந்தைக்கு?”

“பார்லிமென்ட்னு போட்டிருக்கு.”

“அது சரிதான். பகல் பூரா தூங்குது. முள்ளம்பன்றி?”

“பிரிக்கிள்னா முள்ளுக் குத்துறது மாதிரி. முதலைக்கு பாஸ்க், வெயில் காயுறது.”

“மனுசக் கூட்டத்துக்கு என்ன பேராம்?”

“அது போடல மாமா.”

“போட மாட்டானுங்க” என்றார் கத்திக்காரர்.

ஆனால் பலகை வேலை செய்தது. அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் பஸ் பஸ்ஸாக வந்தார்கள். டீச்சர்கள் கத்திக் கத்திச் சொல்லிக்கொடுத்தார்கள். மூடின ஐஸ்கிரீம் கடை மறுபடி திறந்தது. முதலாளி காரை விட்டு இறங்கும்போதே சிரித்துக்கொண்டு இறங்கினார்.

சிறுத்தைப் பலகையில் ‘லீப்’ என்று இருந்தது. தாவல் என்று அர்த்தமாம். ஆனால் அங்கே தாவுவதற்குக் கூட்டம் ஏது? இருந்தது இரண்டே சிறுத்தை. ஒன்று கிழவி. குட்டியிலிருந்து அங்கேயே கிடந்து பல் மழுங்கினது. மருமகன் குரல் கேட்டால் எழுந்து வந்து கம்பியில் கன்னத்தைத் தேய்க்கும். இன்னொன்று புதுசு. வேறெங்கோ இருந்து லாரியில் வந்த வாலிபக் கடுவன். இரண்டுக்கும் பக்கத்துப் பக்கத்தில் தனித்தனிக் கூண்டு, நடுவே தகரம். பார்க்க வந்தவர்கள் பலகையையும் பார்த்தார்கள், தகரத்தையும் பார்த்தார்கள். கூட்டம் என்று எழுதிவிட்டு ஆளுக்கொரு மூலையில் அடைத்து வைத்திருக்கிறார்கள், இது மோசடி, இது கொடுமை என்று ஒருத்தர் போனில் எழுதிப்போட, அதற்கு ஊரே கூடி ஆமாம் போட்டது. முதலாளி மேனேஜர் பெண்ணைக் கூப்பிட்டு, பள்ளிக்கூட லீவு தொடங்குவதற்குள் இரண்டையும் ஒன்றாக விடு என்று சொல்லிவிட்டார்.

அவள் கறி அறைக்கு வந்து வாசலிலேயே நின்று பேசினாள். ரத்த வாடை அவளுக்கு ஆகாது.

“ஐயா, ரெண்டையும் சேர்த்து விடப்போறோம். தீனி ஒரே நேரத்துல வர்ற மாதிரி பாத்துக்கணும்.”

“எதுக்குச் சேக்கணும்?”

“தனியா இருந்தா பாவம் இல்லையா ஐயா? கூட்டமா இருக்கிற பிராணிதானே. இங்கிலீஷ்ல அதுக்குன்னு ஒரு பேரே இருக்கே. பாத்துத்தானே பேர் வச்சிருப்பாங்க?”

“பேய்க்கும்தான் பேரிருக்கு. எவன் பாத்தான்?”

அவள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. அவருக்குச் சிறுத்தையைப் பற்றி ஒன்றும் தெரியாது. வெட்டுக்கட்டைக்கு அந்தப் பக்கம் அவர் எட்டிப் பார்த்ததே அபூர்வம். யார் எதைச் சொன்னாலும் எதிர்த்துச் சொல்வது அவர் வழக்கம், அதையே இதற்கும் சொன்னார். அதனால்தான் அவர் சொன்னதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

டாக்டர் வந்து பார்த்தார். தகரத்தை எடுத்துவிட்டுக் கம்பி வலை போடுங்கள், ஒன்றின் வாடை ஒன்றுக்குப் பழகட்டும், கிழவி தானாக வலைக்குப் பக்கத்தில் வந்து படுக்கிற வரைக்கும் அவசரப்படாதீர்கள் என்றார். வலை போட்டார்கள். புதுசு வலையில் மூக்கை வைத்துக்கொண்டு நாள் முழுக்க நின்றது. கிழவி முதுகைக் காட்டிப் படுத்தது படுத்ததுதான். முதலாளி தினமும் போன் பண்ணினார். கடைசியில் டாக்டரும் கையை விரித்தார். பார்வையாளர் வராத வார விடுமுறை நாளில் காலையில் இரண்டு கூண்டுக்கும் பொதுவான முற்றத்தில் திறந்துவிடலாம், தண்ணீர்க் குழாய் தயாராக இருக்கட்டும், முக்கியமாக உள்ளே எந்தத் தீனியும் கிடக்கக் கூடாது, அன்றைக்கு இரண்டுக்குமே ஒன்றும் போடாதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

முந்தின நாள் சாயங்காலம் மருமகன் தட்டுச் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். வாய்க்குப் போகவில்லை.

“ஒடம்பு சரியில்லையா?” என்றாள் மகள்.

“மாமா,” என்றான் அவன், அவளுக்குப் பதில் சொல்லாமல். “கிழவி ஒத்துக்காது. ரெண்டு நாளா வலைப் பக்கம் போனாலே உறுமுது. எங்கிட்டயே உறுமுது. நீங்க மேடத்துக்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்களேன். நீங்க சொன்னா கேப்பாங்க.”

“உங்களுக்கு வாய் இல்லையா மாப்ள?”

“நான் சொன்னா, பயப்படுறான்னு வேற ஆளப் போட்டுருவாங்க. இது நல்லபடியா முடிஞ்சா பெர்மனென்ட் பண்றேன்னு முதலாளி வாய்விட்டுச் சொல்லியிருக்காரு.”

“அப்ப முடிச்சுட்டு வாங்க. நாங்களும் முன்னறையில கால நீட்டிப் படுப்போம்.”

“அப்பா!” என்றாள் மகள்.

“என்னடி அப்பா? சிறுத்தையோட பொழப்பு நடத்துறவரு பூனை மாதிரி உக்காந்திருக்காரு. சொல்லக் கூடாதா?”

மருமகன் தட்டிலேயே கை கழுவிவிட்டு எழுந்தான். கத்திக்காரருக்கு மனசு கொஞ்சம் உறுத்தத்தான் செய்தது. உறுத்தினால் அவருக்குப் பேச வராது, ஏதாவது செய்யத்தான் வரும். அன்று படுக்கும்வரை அதையே யோசித்தார். பட்டினி போட்டு இரண்டு ஜீவனை ஒரே இடத்தில் விட்டால் ஒன்றை ஒன்று தின்னாமல் கொஞ்சவா செய்யும்? எந்த மடையன் இவனுக்கு டாக்டர் பட்டம் கொடுத்தான்? வயிறு நிறைந்தவன் எவனும் கை ஓங்க மாட்டான். கசாப்புக்கடை வாசலில் நிற்கிற நாய்களிடம் அவர் பார்த்த நியாயம் அது. எலும்பு விழுகிற வரைக்கும்தான் குரைப்பு, விழுந்துவிட்டால் ஆளுக்கொரு மூலை.

காலையில் முதல் ஆளாகப் போய் இரண்டு தொடை வெட்டினார். வழக்கமாகப் போடுகிற எலும்புத் துண்டில்லை, ஈரலோடு சேர்த்து, மனுசன் தின்கிற மாதிரி நல்ல கறி. மருமகன் வந்ததும் வாளியை நீட்டினார்.

“டாக்டர் கூடாதுன்னாரு மாமா.”

“டாக்டர் வாரத்துக்கு ஒரு தடவ வர்றாரு. நான் தினம் வெட்டுறேன். முற்றத்துல அந்தக் கோடியில ஒண்ணு, சந்துக்குப் பக்கத்துல ஒண்ணு. தின்னுட்டுப் படுத்துரும். உங்களுக்கும் தொல்லையில்ல.”

“மேடம் பாத்தா?”

“பாத்தா என் பேரச் சொல்லுங்க. அதுக்காவது துணிச்சல் இருக்கா?”

மருமகன் வாளியை வாங்கிக்கொண்டான்.

முற்றத்தைச் சுற்றி ஆள் நடக்கிற வழி ஒன்று உண்டு. அதில் தரையோடு தரையாக, கறி தள்ளுவதற்கென்று ஒரு சந்து. தகட்டைத் தூக்கி, நீளமான இரும்புக் குத்துக்கோலால் துண்டை உள்ளே தள்ளுவார்கள். மேனேஜர் பெண் தண்ணீர்க் குழாயைப் பிடித்துக்கொண்டு ஒரு பக்கம் நின்றாள். டாக்டர் மயக்க ஊசித் துப்பாக்கியோடு எதிர்ப்பக்கம். கறி கிடந்த இடம் இரண்டும் அவர்கள் கண்ணுக்குச் சட்டென்று படாத மூலைகள். கத்திக்காரருக்கு அங்கே வேலையே இல்லை. ஆனாலும் வந்து மருமகனுக்குப் பின்னால் நின்றார்.

முதலில் புதுசைத் திறந்துவிட்டார்கள். அது கோடியில் கிடந்த தொடையை மோந்து பார்த்து, காலால் அமுக்கிக்கொண்டு படுத்தது. கத்திக்காரர் மருமகன் முதுகில் விரலால் குத்தினார், பார்த்தாயா என்கிற மாதிரி. அப்புறம் கிழவி. வாசலிலேயே நின்றது. காதை மடித்துக்கொண்டு, சுவரோரமாகவே நடந்து சந்துக்கு வந்தது. மருமகன் வாடை அங்கே இருந்ததால் வந்ததோ என்னவோ. கறி மேல் வாயை வைத்தது.

புதுசு தலையைத் தூக்கிற்று. தன் தொடையை அப்படியே போட்டுவிட்டு எழுந்தது. தன்னிடம் இருக்கிற கறியை விட்டுவிட்டு அடுத்தவள் கறிக்கு வருகிற ஒரு ஜீவனைக் கத்திக்காரர் அன்றுதான் பார்த்தார். தாவியது. அவ்வளவு தூரத்தையும் ஒரே தாவல்.

அதற்கப்புறம் கேட்ட சத்தத்தை அவர் அறுத்த எந்த மாடும் போட்டதில்லை. தண்ணீர் அடித்தது. டாக்டர் ஏதோ கத்தினார், ஊசி சுவரில் பட்டுத் தெறித்தது. இரண்டும் ஒன்றாகச் சுருண்டு சந்தின் வாயிலேயே புரண்டன. நடுவே அந்தத் தொடை. கத்திக்காரருக்குக் கண்ணில் பட்டது அது ஒன்றுதான். அதை எடுத்துவிட்டால் விலகிவிடும். நாய்கள் விலகும்.

“கறிய இழுடா!” என்று கத்தினார். “டேய், இழுடா, நின்னு பாக்கிறியே!”

கல்யாணமான நாளிலிருந்து, எவ்வளவு குத்திப் பேசினாலும், அவர் மருமகனை டா போட்டதில்லை. குத்துக்கோல் நடைவழியின் மறுகோடியில் சாத்தியிருந்தது. மருமகன் திரும்பி ஒருமுறை மாமனார் முகத்தைப் பார்த்தான். மண்டி போட்டுத் தகட்டைத் தூக்கி, கையை உள்ளே விட்டான்.

கடித்தது புதுசு அல்ல. கிழவி.

டாக்டரின் இரண்டாவது ஊசி புதுசு மேல் பட்டு, அது தள்ளாடி விழுவதற்குள் கிழவியின் கழுத்து கிழிந்துவிட்டது. கையை விடாமலே செத்தது. தாடையைப் பிளந்து எடுத்தது கத்திக்காரர்தான். அந்த வேலை அங்கே அவருக்கு மட்டும்தான் தெரியும்.

ஆஸ்பத்திரியில் மணிக்கட்டுக்கு மேலேயே எடுத்துவிட்டார்கள். வலது கை. மயக்கம் தெளிந்ததும் பெண்டாட்டி கேட்டாள், எப்படிங்க ஆச்சு என்று. கத்திக்காரர் கட்டில் கால்மாட்டில் நின்றார். வாயைத் திறக்கட்டும் என்று காத்திருந்தார். ஒருவகையில் அதற்காகவே நின்றார்.

“நானாத்தான் விட்டேன்” என்றான் மருமகன். “கிழவியக் காப்பாத்தலாம்னு.”

மகள் அப்பா கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். “நீங்க பக்கத்துல இருந்ததாலதான்ப்பா இவரு உசுரோட இருக்காரு.”

அவர் கையை உருவிக்கொண்டு, கழுவ வேண்டும் என்று சொல்லி வெளியே போனார். பொய் சொல்கிறான் என்று தெரியும். ஏன் சொல்கிறான் என்றுதான் புரியவில்லை. பயமா? மரியாதையா? இல்லை, ஆயுசுக்கும் வைத்துக் குத்துவதற்கு ஒரு முள்ளைப் பத்திரப்படுத்துகிறானா? அவர் அவன் இடத்தில் இருந்தால் பத்திரப்படுத்தியிருப்பார்.

மறுநாள் வேலைக்குப் போனார். புதுசுக்குப் பசிக்கத்தானே செய்யும். அதற்கும் வெட்டினார். வாளியை வேறொரு ஆள் வந்து தூக்கிக்கொண்டு போனான்.

சில நாள் கழித்து முதலாளியிடமிருந்து சொல் வந்தது. மருமகனுக்கு வேலை நிரந்தரம். வாசலில் உட்கார்ந்து டிக்கெட் கிழிக்கிற வேலை.

“ஒத்தக் கையால டிக்கெட்ட எப்படிக் கிழிக்கிறது?” என்றாள் மகள். கேட்டுவிட்டு அவளே சிரித்தாள், சிரிப்பு பாதியில் வேறு மாதிரி ஆகிவிட்டது. மருமகன், பல்லால் கடித்துக்கொண்டு கிழிக்கலாம் என்று செய்து காட்டினான். தனி வீடு பார்க்கிற பேச்சை இரண்டு பேரும் எடுக்கவில்லை. ஒரு கையோடு அவன் சட்டைப் பொத்தான் போடவே பொழுதாகிவிடுகிறது, கூடமாட ஆள் வேண்டும். கத்திக்காரர் முன்னறை வழியாகப் போவதை விட்டுவிட்டுக் கொல்லைக் கதவு வழியாகப் போய்வர ஆரம்பித்தார்.

அப்படி எத்தனை நாள் போக முடியும்? ஒருநாள் காலையில் கத்தியைக் கூடத் தீட்டாமல், முதலாளியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று கிளம்பினார். வழியில் சிறுத்தைக் கூண்டு. மேனேஜர் பெண் அங்கே ஸ்டூல் போட்டு ஏறி, தன் கையாலேயே பலகையைக் கழற்றிக்கொண்டிருந்தாள். ஆணி வரவில்லை.

“எங்க ஐயா, ஆபீஸ் பக்கமா?”

“முதலாளியப் பாக்கணும். உள்ள கறி போட்டது நான். டாக்டர் கூடாதுன்னு சொல்லியும் போட்டேன்.”

அவள் இறங்கி வந்தாள். சுற்றும்முற்றும் பார்த்தாள்.

“தெரியும் ஐயா. மிச்சக் கறியப் பாத்தேன். நான்தான் பொறுக்கி எடுத்துப் போட்டேன்.”

“முதலாளிக்கு?”

“சொல்லல. தீனி வச்சது உங்க மருமகன்னுதான் ஆகும். சொன்ன பேச்சை மீறிட்டான்னு வேலையும் போயிடும், ஆஸ்பத்திரிச் செலவும் தர மாட்டாங்க. நீங்க வாயத் திறந்தா அவர்தான் மாட்டுவாரு.”

இதை அவர் யோசிக்கவில்லை.

“அது கறியால ஆனதில்ல ஐயா” என்றாள் அவள். கண் வீங்கியிருந்தது. “என்னாலதான். இப்பத்தான் தேடிப் படிச்சேன். இந்தப் பேரெல்லாம் எப்பவோ வேட்டைக்குப் போற சீமான்கள் பொழுதுபோகாம விளையாட்டாக் கட்டின பேரு. சிறுத்தைக் கூட்டத்தப் பாத்து வச்ச பேரே இல்ல. வளந்த சிறுத்தை தனியாத்தான் திரியும். நான் பலகைய நம்பினேன். கறி இல்லேன்னாலும் இதுதான் நடந்திருக்கும்னு டாக்டரே சொல்றாரு.”

“பாக்காமலா பேர் வச்சானுங்க?”

“ஆமா ஐயா.”

“இல்லாத கூட்டத்துக்கு?”

“ஆமா.”

அவர் அவள் முகத்தையே பார்த்தார். ஒரு பெண் வலிய வந்து பழியைத் தன் தலையில் இழுத்துப் போட்டுக்கொள்கிறாள். இவளுக்கு இதில் என்ன லாபம்? டாக்டர் உண்மையிலேயே அப்படிச் சொன்னாரா, இல்லை கிழவனைச் சமாதானப்படுத்தச் சொல்கிறாளா? மருமகன் ஒரு பொய் சொன்னான். இவள் ஒரு பொய் சொல்கிறாள். எல்லாரும் சேர்ந்து அவரைச் சுற்றிப் பஞ்சு வைத்து அடைக்கிறார்கள்.

“பேரு பலகையில இருந்துச்சு மேடம்” என்றார். “கறிதான் உள்ள கிடந்துச்சு.”

“ஐயா, நான் சொல்றதக் கொஞ்சம் கேளுங்க...”

அவர் ஆபீஸ் பக்கம் ஓரடி வைத்தார். நின்றார். கூண்டுக்குள் புதுசு மட்டும் முற்றத்தின் நடுவில் மல்லாந்து படுத்துக்கொண்டு வெயில் காய்ந்தது. வாயைத் திறந்தால் மாட்டுவது மருமகன். அவர் திரும்பி, ஆபீஸுக்குப் போகாமல், கறி அறைப் பக்கம் நடக்க ஆரம்பித்தார். அந்தப் பெண் பின்னாலேயே கொஞ்ச தூரம் வந்து, டாக்டர் சொன்னதையும் புத்தகத்தில் படித்ததையும் மறுபடி முதலிலிருந்து சொன்னாள். எல்லாம் நியாயமாகத்தான் இருந்தது. எங்கேயும் ஓட்டை இல்லை. அதனாலேயே அவர் ஒரு வார்த்தையையும் நம்பாமல் நடந்து போனார்.